பெருங்கடையில் அறுபது நாள்

கூட்டுறவு விற்பனை நிலையங்களை நடத்திவரும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் பாடம் ஒன்று எழுதுமாறு ஆசிரியர் கேட்டபொழுது, சட்டப் பிரிவுகளையும் பதிவேடுகளின் பெயர்களையும் மறுபடியும் வரிசையாக எழுதி அனுப்பிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். அவ்விதம் பலமுறை எழுதியும் இருக்கின்றோம். அவற்றைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்கத்தான் நமக்குத் துணிவு வந்ததில்லை. இம்முறை பாடம் நாம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நூம்பலைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், பல கிளைகளைக் கொண்ட ஒரு பெரிய சில்லறை வியாபாரக் கம்பெனியில் அறுபது நாள் பயிற்சி பெற்றுத் திரும்பி, அங்கே நாள்தோறும் எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தை நம்மிடம் கொடுத்தார். பத்தாண்டுகளாகச் சங்கங்களை ஆய்வு செய்துவரும் நமக்கு அதைப் படிக்கையில் சில இடங்களில் வெட்கம் உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கம்பெனியின் பெயரும் மாணவியின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. ஊரைச் சொல்லலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இறங்கித் தெற்கே ஐயப்பன்தாங்கலை நோக்கிச் செல்லும் சாலையில் நூம்பல் உள்ளது. வயலும் தோட்டமுமாக இருந்த ஊர். இன்று மனைகளும் மாடி வீடுகளும் நெருங்கிவிட்டன. எஞ்சிய துண்டு நிலங்களில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, இம்மாணவியின் தகப்பனார் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை பயிரிடுகின்றார். தாயார் பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் இன்றும் தறியில் அமர்பவர். ஆகவே, நம் பத்திரிகையின் இரு திறத்து வாசகரும் அந்த ஒரே வீட்டில் இருக்கின்றனர் என்று சொல்லிவிடலாம். 2020-ஆம் ஆண்டு மே மாதம் கோயம்பேட்டு அங்காடி நோய்த் தொற்றின் காரணமாக மூடப்பட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபொழுது, இவர் பள்ளிச் சிறுமி. தகப்பனார் கொண்டுபோன கட்டு எத்தனை, திரும்பி வந்த கட்டு எத்தனை என்று வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் எழுதி வைத்தவர் அவரே. கணக்குப் பழக்கம் அன்றே தொடங்கிற்று போலும்.

வணிகவியல் பட்டப் படிப்பில் களப்பயிற்சி ஒரு பகுதியாக இருப்பதால், கல்லூரி கொடுத்த கடிதத்துடன் அவர் கம்பெனியில் சேர்ந்தார். இங்கு நம் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொண்டு சேர்பவர் தொழிற்பழகுநர். 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் அவ்வழி திறக்கப்பட்டது. பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டுமென 2019-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. கல்லூரிக் கடிதத்துடன் போகும் மாணவருக்கோ அத்தகைய காப்பு ஒன்றும் இல்லை. நிறுவனம் மனமுவந்து கொடுப்பதே வரும்படி. இவருக்குக் கிடைத்தது பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும். தொழிற்பழகுநரையும் சட்டம் தொழிலாளராகக் கொள்வதில்லை, பயிற்சி பெறுபவராகவே கொள்கின்றது என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. தம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், எந்தக் காகிதத்தில் கையெழுத்திடுகின்றோம் என்று முதலில் பார்த்துக்கொள்வார்களாக.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பத்து நாள் பக்கங்களில் கடையின் பளபளப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரைக் கோடவுனில் விட்டுவிட்டார்கள். “இன்றும் எண்ணினேன்” என்றுதான் பல நாட்களின் குறிப்புத் தொடங்குகின்றது. சோப்பு எண்ணுதல், எண்ணெய் பாக்கெட்டு எண்ணுதல், துண்டு எண்ணுதல். இவ்வளவு பெரிய கம்பெனி, பில் போட்டவுடன் இருப்புக் குறைந்துவிடும்படி கம்ப்யூட்டர் வைத்திருக்கையில், கையால் எண்ணுவானேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கின்றது. மேற்பார்வையாளர் சொன்ன விடையை அவர் குறித்திருக்கின்றார்: கம்ப்யூட்டர் சொல்வது இருக்க வேண்டிய சரக்கு, கை சொல்வது இருக்கின்ற சரக்கு, இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் களவு, உடைசல், எலி, தவறான பில் ஆகியன எல்லாம்.

நாம் நம் சங்கங்களில் எவ்வாறு செய்கின்றோம்? மார்ச்சு 31-ஆம் தேதி கதவைச் சாத்திவிட்டு, குமாஸ்தா ஒருவர் கூற மற்றொருவர் எழுத, ஒரே நாளில் எல்லாவற்றையும் எண்ணி முடித்துக் கையெழுத்திடுகின்றோம். மாலை நெருங்க நெருங்க எண்ணும் வேகம் எப்படிக் கூடுகின்றது என்பதை அருகிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். குறைவு தெரிந்தாலும் அது ஏப்ரலில் நேர்ந்ததா, தீபாவளிக் கூட்டத்தில் நேர்ந்ததா என்று சொல்ல ஒருவராலும் இயலாது. பெருங்கடையில் அவ்வாறன்று. கடையை மூடுவதில்லை, நாளொன்றுக்குச் சில சரக்குகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு எண்ணுகின்றார்கள். விலையுயர்ந்ததும் விரைவில் விற்பதுமான சரக்கு அடிக்கடி எண்ணப்படும். மற்றவை எப்பொழுதாவது ஒரு முறை. இன்று எண்ணியதில் இரண்டு குறைந்தால், சென்ற வாரம் சரியாக இருந்தது என்ற பதிவு உண்டு. தேட வேண்டிய நாட்கள் ஆறோ ஏழோ மாத்திரமே. இதற்குக் கம்ப்யூட்டர் அவசியமில்லை. காலையில் கடை திறந்தவுடன் பத்துச் சரக்கை எண்ணி இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட அரைமணி நேரம் போதும்.

இரண்டாவதாக அவர் கற்றது, சரக்கு நிற்பதும் ஓடுவதும் பற்றி. இதை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு சங்கம் 1,00,000 ரூபாய்க்குச் சேலை வாங்கி வைத்து, நூற்றுக்கு 25 இலாபம் வைத்து, ஆண்டு முழுவதும் காத்திருந்து விற்றது என்று கொள்வோம். இலாபம் 25,000 ரூபாய். மற்றொரு சங்கம் அதே 1,00,000 ரூபாயைத் துண்டிலும் வேட்டியிலும் போட்டு, நூற்றுக்குப் பத்தே இலாபம் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விற்றுத் தீர்த்து, அப்பணத்தைக் கொண்டே மறுபடியும் வாங்கியது. ஆண்டுக்கு ஆறு சுற்று; இலாபம் 60,000 ரூபாய். வாங்கியவர்களும் குறைந்த விலைக்கு வாங்கினர். நெய்தவர்களுக்கும் ஆறு முறை வேலை கிடைத்தது. இந்தச் சுற்றைத்தான் பெருங்கடையார் இரவு பகலாகக் கண்காணிக்கின்றனர். ஒரு பொருள் குறித்த நாட்களுக்குமேல் ரேக்கில் நின்றுவிட்டால், அதன் பெயர் ஒரு தனிப் பட்டியலில் ஏறிவிடும். பின்னர் அதற்கு இடம் மாறும், விலை குறையும், அல்லது இனி வாங்குவதில்லை என்று முடிவாகும். நம் நிலையங்களில் அப்படிப்பட்ட பட்டியல் எழுதத் தொடங்கினால் நோட்டுப் போதாது என்று ஒரு காரியதரிசி நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நாமும் சிரித்தோம், சிரிக்கத் தக்க விஷயம் அன்று.

கடைக்குள் பொருள்களை வைக்கும் முறையைப் பற்றி மாணவி எழுதியிருப்பவை சுவையாக உள்ளன. அரிசி, எண்ணெய் போன்ற கட்டாயத் தேவைகள் உள்ளே வெகு தூரத்தில் இருக்கும். அவற்றை எடுக்கப் போகிறவர் போகிற வழியில் மற்றவற்றையெல்லாம் பார்த்துத்தான் ஆகவேண்டும். கண்மட்டத்து ரேக்கில் இலாபம் மிகுந்த சரக்கு. பில் போடும் இடத்தருகே குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சாக்லேட். இவற்றையெல்லாம் நம் சங்கங்கள் பின்பற்ற வேண்டுமென்று நாம் சொல்லவரவில்லை. தேவையில்லாததை வாங்கச் செய்வது கூட்டுறவின் வேலையன்று.

பில் போடும் இடத்தில் அவர் இருபது நாள் இருந்தார். கடை ஊழியர்கள் உட்காரத் தக்க இருக்கை வசதி வேண்டுமென்று 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளம் 2018-லேயே இதைச் செய்திருந்தது. நாள் முழுவதும் நின்று கால் நரம்பு புடைத்த ஆயிரக்கணக்கான விற்பனைப் பெண்களின் துன்பத்துக்குப் பிறகு வந்த பிரிவு அது. மாணவியின் குறிப்பு ஒரே வரி: “ஸ்டூல் இருந்தது, உட்கார நேரம் இல்லை.” நம் விற்பனை நிலையங்களில் இதற்கு நேர்மாறு. நாற்காலி உண்டு, நேரமும் உண்டு. எழுந்திருப்பதற்குத்தான் வாடிக்கைக்காரர் வரவேண்டும்.

இனி, இப்பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். மாணவியின் தகப்பனார், வேறு பல கீரைக்காரர்களைப் போலவே, இக்கம்பெனியின் கொள்முதல் நிலையத்துக்குச் சில மாதங்களாகக் கீரை கொடுத்து வந்தார். வாரத்தில் இரண்டு நாளாவது சில கூடைகள் கழிக்கப்பட்டுவிட்டதாகத் தகவல் வரும். அத்தொகை பட்டியலில் பிடித்தம் செய்யப்படும். காரணம் எழுதப்படுவதில்லை. ‘கழிவு’ என்ற ஒரு சொல்தான். தமக்கு வேண்டாதவன் எவனோ உள்ளே இருந்துகொண்டு செய்கின்றான் என்று தகப்பனார் நம்பியிருந்தார்.

முப்பத்திரண்டாம் நாள் மாணவியைக் காய்கறிப் பகுதிக்கு மாற்றினர். அங்கே அவர் கண்டது இது. தோட்டத்தில் விடியுமுன் பிடுங்கிய கீரையை வேரில் மண்ணோடு கட்டி, வாடாதிருக்கத் தாராளமாகத் தண்ணீர் தெளித்து ஏற்றுவது நம்மவர் வழக்கம். திறந்த கூடையில், காற்றோட்டத்தில், இரண்டு மூன்று மணி நேரத்தில் தெருவில் விற்றுப்போகும் கீரைக்கு அது பொருந்தும். ஆனால் கம்பெனியில் அக்கட்டுகளைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூடிய வண்டியில் கிளைகளுக்கு அனுப்புகின்றனர். உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து, நடுவிலுள்ள கட்டுகள் பத்து மணிக்குள் அழுகத் தொடங்குகின்றன. வேர்மண் கரைந்து கீழ்ப்பெட்டியிலுள்ள இலைகளின்மேல் படிகின்றது. தண்ணீரைக் குறைத்து, வேரை அலசி வடியவிட்டு, நிழலில் சிறிது நேரம் வைத்துக் கட்டியவர்களின் கீரை கழிக்கப்படவில்லை.

அன்றிரவு வீட்டில் நடந்ததை அவரே நமக்குச் சொன்னார்.

“அப்பா, நாளை முதல் ஏற்றும்பொழுது தண்ணீர் தெளிக்க வேண்டாம்.”

“முப்பது வருஷமாகத் தெளிக்கிறேன். தெளிக்காத கீரையை எவன் வாங்குவான்?”

“தெருவில் வாங்குகிறவர் வேறு, பெட்டியில் போவது வேறு. நான் அழுகினதைக் கையால் எடுத்துப் போட்டேன் அப்பா. நம் கட்டு என்று வாழைநாரைப் பார்த்தே தெரிந்தது.”

தகப்பனார் அதற்குமேல் பேசவில்லை. சாப்பிடாமலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நான்காம் நாள் நான்கு கூடைகளை மாத்திரம் மகள் சொன்னபடி கட்டி அனுப்பினார். அவை கழிக்கப்படவில்லை.

இதுவரை படித்தவர்கள், குற்றம் விவசாயியின் பக்கமே என்று முடிவு கட்டிவிடலாகாது. அழுகலின் காரணம் அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காய்கறிப் பகுதிப் பையனுக்குத் தெரியும், மேற்பார்வையாளருக்குத் தெரியும், எந்த ஊர்க் கீரை எத்தனை மணிக்குக் கெடும் என்ற கணக்குக்கூட எழுதியிருந்தது. பயிரிட்டவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. பிடித்தம் செய்துகொள்ள வழியிருக்கும்பொழுது சொல்வானேன்? கழிக்கும் கூடைகளை விவசாயியின் முன்னிலையில் நிறுப்பதும் இல்லை. மாலையில் விற்காமல் வாடிய நல்ல கீரையும் சில நாள் அதே ‘கழிவு’க் கணக்கில் சேர்ந்ததை மாணவி கவனித்துக் கேட்டிருக்கின்றார். பயிற்சிக்கு வந்தவர் கொள்முதல் விஷயத்தில் தலையிட வேண்டியதில்லை என்று பதில் வந்தது. மறுநாள் அவரை மறுபடியும் கோடவுனுக்கு அனுப்பிவிட்டனர். அங்கே எஞ்சிய நாட்களையும் எண்ணியே கழித்தார்.

கொள்முதல் விலை எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் எத்தனை நாளில் போகின்றது என்பவற்றை அறுபது நாளில் ஒரு நாளும் அவருக்குக் காட்டவில்லை. நெசவாளர் சங்கங்கள் இவ்விடத்தில் ஒரு சட்டத்தை அறிந்துகொள்வது நலம். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு தொழிலாரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் செலுத்தியாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களுக்குள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். இவ்வகைத் தொழிலாரின் சரக்கை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் இச்சட்டத்தில் ‘சரக்கு அளிப்பவர்’ என்ற சொல்லில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வாயிலாக, உரிய காலத்தில் செலுத்தாத இத்தொகையை வாங்கியவர் அவ்வாண்டின் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதியும் சேர்ந்தது. பெருங்கடைகளுக்குத் துண்டும் போர்வையும் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் காரியதரிசிகள் இதைக் குறித்துக்கொள்க. நிலத்தில் விளைந்த கீரை இச்சட்டத்துக்குள் வராது. கீரைக்காரருக்குத் துணை, எடைபோடும் இடத்தில் தாமே நிற்பதும், தனித்தனியே போகாமல் பத்துப் பேராகச் சேர்ந்து போவதும்தான்.

இங்கே நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி இரவு டோட் சந்தில் திறக்கப்பட்ட கடையை நம் வாசகர்கள் அறிவார்கள். ஃபிளானல் துணி நெய்யும் ஊர் அது. கடை வைத்த 28 பேரில் நெசவாளர் பலர். மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி ஆகியவையே முதல் சரக்கு. இவற்றை எடுத்துக் கொடுக்கும் விற்பனையாளராக அவர்கள் நியமித்தவர் சாமுவேல் ஆஷ்வொர்த் என்ற பத்தொன்பது வயது இளைஞர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பணம் வாங்குபவராக வில்லியம் கூப்பர் இருந்தார். இருவரும் அங்கத்தினர்களே. அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் கடையில் கற்றதெல்லாம் உடனே சங்கத்தின் அறிவாயிற்று. மாவு மட்டமாக இருந்தால் அவனுடைய வீட்டிலேயே ரொட்டி கெடும். நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபொழுதும், சீனிவாச சாஸ்திரியார் போன்ற கற்றவர்கள் அரிசி பருப்பு விற்பதைத் தாழ்வாக எண்ணவில்லை. கைத்தறிக்கென 1935-இல் ஏற்பட்டு, பின்னர்க் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்ற சங்கத்தின் நோக்கமும், நெய்பவருக்கும் உடுத்துபவருக்கும் நடுவேயுள்ள தூரத்தைக் குறைப்பதே.

பெருங்கடைக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு கட்டடத்திலோ விளக்கிலோ இல்லை. அவர்கள் ஒவ்வொரு நாளும் என்ன விற்றது, என்ன கெட்டது, என்ன கேட்கப்பட்டது என்று அறிகின்றார்கள். அறிந்ததை மாடி அறையில் வைத்துப் பூட்டுகின்றார்கள். நமக்கோ பூட்டி வைக்க எவரும் இல்லை, ஏனெனில் கடையும் தறியும் தோட்டமும் ஒரே கூட்டத்தாருடையவை. ஆனால் நாம் அறிவதே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. நாம் ஆய்வு செய்யும் நெசவாளர் சங்கம் ஒன்றின் விற்பனை நிலையத்தில், நிர்வாகக் குழுவின் அனுமதியுடன், மாணவி மூன்று சனிக்கிழமைகள் வந்து இருந்தார். முதல் நாள் எண்ணினார். பதிவேட்டுக்கும் கைக்கும் பெரிய வேறுபாடு இல்லை; விற்பனையாளர் நேர்மையானவர். ஆனால் அடித்தட்டில் அடுக்கியிருந்த சேலைகளை அவர் வெளியில் எடுத்து விரித்தபொழுது, சிலவற்றில் மடிப்பு விழுந்த இடத்தில் நூல் நைந்து வெளுத்திருந்தது. சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும் என்பது நெசவாளர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அறிந்தது. தம் வீட்டுப் பெட்டியில் செய்வதைச் சங்கத்துப் பீரோவில் எவரும் செய்யவில்லை. அச்சேலைகள் ஒவ்வோராண்டும் நம் கையெழுத்துடன் ‘சரக்கு இருப்பு’ என்று முழு விலைக்கு மதிப்பிடப்பட்டு வந்தன. ஆய்வாளராகிய நாம் அவற்றை எண்ணினோம், விரித்துப் பார்க்கவில்லை.

மற்ற இரண்டு சனிக்கிழமைகளில் அவர் விற்ற சரக்கை எழுதவில்லை. வந்தவர் கேட்டு, இல்லையென்று சொல்லப்பட்டுத் திரும்பிய சரக்குகளை எழுதினார். மயில்கண் கரை போட்ட எட்டு முழ வேட்டி, குழந்தை துவட்டும் மெல்லிய துண்டு, தலையணை உறைத் துணி. சேலை இருக்கின்றதா என்று கேட்டவர் அவ்விரு நாட்களிலும் மிகச் சிலர். அதே சமயம் அதே சங்கத்தில், சரக்குத் தேங்கிவிட்டது என்று சொல்லி, அங்கத்தினர்களுக்குப் பாவு கொடுப்பது ஒன்றரை மாதமாக நிறுத்தப்பட்டிருந்தது. தறிகள் ஓயத் தேங்கியது சேலை. கேட்டவர் திரும்பிப் போனது வேட்டிக்காக. இந்த இரண்டு செய்தியும் ஒரே கட்டடத்தில், முப்பதடி இடைவெளியில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

மாணவி தம் பக்கங்களை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் படித்தபொழுது முதலில் அமைதி நிலவியது. பின்னர், குழுவிலிருந்த முதியவர் ஒருவர், “வெளியாள் வந்து நம் குறையைச் சொல்லும்படி ஆயிற்றே அம்மா” என்றார். மாணவி, “என் மாமா தறி நெய்கிறவர் ஐயா, நான் வெளியாள் இல்லை” என்று மட்டும் சொன்னார். தறியைச் சேலையிலிருந்து வேட்டிக்கு மாற்ற அச்சும் விழுதும் மாற்ற வேண்டும், கூலி விகிதம் வேறு, எல்லாரும் உடன்படமாட்டார்கள் என்ற ஆட்சேபணைகள் எழுந்தன. அவை சரியானவையே, சேலை நெய்து கைபழகியவர் வேட்டிக் கூலிக்கு இறங்குவது எளிதன்று. நான்கு தறிகளை மாத்திரம், இசைந்தவர்களைக் கொண்டு மாற்றிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. நைந்த சேலைகளின் மதிப்பைக் குறைத்து எழுத நாம் குறிப்புக் கொடுத்தோம். அதனால் இவ்வாண்டு இலாபப் பங்கு குறையும் என்பதையும் கூட்டத்திலேயே சொல்லிவிட்டோம். எவரும் மகிழவில்லை.

பயிற்சி மாணவர் ஒருவரை ஆண்டுதோறும் ஆறு மாதத்துக்குச் சங்கமே உதவித்தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் முன்வைத்தோம். தொகை எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்பதில் கருத்து வேறுபாடு இருந்தமையால் அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. மாணவிக்குக் கம்பெனியிலிருந்து, படிப்பு முடிந்ததும் வேலையில் சேருமாறு கடிதம் வந்திருக்கின்றது. நல்ல சம்பளம். சேர வேண்டாம் என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் சங்கத்தில் அவருக்குக் கொடுக்க இன்று ஓர் இடமும் இல்லை. தகப்பனாரோ, கம்பெனியில் இருந்தால் கழிவுக் கணக்கையாவது பார்த்துச் சொல்வாளே என்கின்றார்.

விற்பனை நிலையத்தில் பில் புத்தகத்துக்கு அருகே, சணல் கயிற்றில் கட்டிய நாற்பது பக்க நோட்டு ஒன்று இப்பொழுது தொங்குகின்றது. அட்டையில் ‘கேட்டும் இல்லாதவை’ என்று விற்பனையாளர் தம் கையால் எழுதியிருக்கின்றார். சென்ற வாரம் நாம் போயிருந்தபொழுது அதில் ஒன்பது வரிகள் இருந்தன. பாவு வாங்க வந்த நெசவாளர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மயில்கண் கரைக்கு எந்த நம்பர் நூல் வருகின்றது என்று காரியதரிசியைக் கேட்டார்.